வயர்மேன் வீட்டு நங்கூரம்

வயர்மேன் இறந்துபோனது அந்தக் குடியிருப்பில் ஒரு வாரச் செய்தி. வயர்மேன் பெண்டாட்டி அழவில்லை என்பது அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்த செய்தி. வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதில் பேச என்ன இருக்கிறது, யாருக்கும் வரக்கூடியது. ஆனால் அவரைக் கொண்டுவந்து கிடத்தியபோது, கூடி நின்றவர்கள் எல்லாரும் கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு இவள் முகத்தையே பார்க்க, இவள் போய் அவர் சட்டைக் காலரின் மடிப்பை நேராக்கிவிட்டு வந்து நின்றாள் பாருங்கள், அதைத்தான் எதிர்வீட்டம்மாவால் ஜீரணிக்க முடியவில்லை.

"கல்லு மாதிரி நிக்கிறாளே" என்று படிக்கட்டில் நின்று சொன்னாள். ஏறுகிறவர்களிடமும் சொன்னாள், இறங்குகிறவர்களிடமும் சொன்னாள். லிஃப்ட் ஓடாத கட்டடம், யாரும் தப்பவில்லை.

கல் என்றுகூடச் சொல்ல முடியாது. கல்லாவது வெயிலில் சுடும். இஸ்திரியக்காவுக்கு, அந்தக் கட்டடத்தில் அவளுக்கு அதுதான் பெயர், எதுவும் சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. சலவைக்கடையில் பெரிய நீராவி இஸ்திரி மெஷினில் அவளுக்கு வேலை. கீழே மேடை, மேலே மூடி, நடுவில் துணி. மூடியை இறக்கினால் புஸ்ஸென்று ஆவி. சூடு அளவுக்கு மேலே போனால் மெஷின் 'டக்'கென்று தானே அணைந்துவிடும்; ஆறியதும் இன்னொரு 'டக்'கோடு தானே பற்றிக்கொள்ளும். அந்த இரண்டு டக்குக்கும் நடுவில்தான் கடைப் பெண்கள் தண்ணீர் குடிப்பதும், முதுகை நிமிர்த்துவதும், அடுத்தவர் குடும்பத்தை அலசிப் பிழிந்து காயப்போடுவதும். துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியவளின் கையைக் கடைக்காரம்மா பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏய், விரல்ல கொப்புளம் போட்டிருக்கே! எப்ப சுட்டுக்கிட்ட?"

"தெரியலைக்கா."

"எரியலையா?"

இஸ்திரியக்கா விரலைப் பார்த்தாள். வேறு யாருடைய விரலோ போல இருந்தது. "இல்லைக்கா" என்றாள். கடைக்காரம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அவள் நல்லவள், மருந்து தடவிவிட்டுத்தான் மற்ற பெண்களிடம் போய்ச் சொன்னாள்.

வீட்டிலே நங்கூரம் இருந்தது.

முன்னறையின் மூலையில், பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, ஆளுயரத்துக்கு. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் விசாரித்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடலாம்: ஆழியன் என்று ஒரு சாகச நாயகன். கடலுக்கடியில் வளர்ந்தவன், நீலத் தோல், பேச்சு குறைவு, முறைப்பு அதிகம். காமிக்ஸாக வந்து, அப்புறம் படங்களாகவும் வந்தான். அவன் ஆயுதம் ஒரு மந்திர நங்கூரம். அதன் தண்டில் "உரிய கைக்குக் கனக்காது" என்று பொறித்திருக்கும். எந்தக் கை உரிய கை என்பதைக் கதை எழுதியவர் சொல்லாமல் விட்டுவிட்டார். மறந்துவிட்டாரோ, வேண்டுமென்றே விட்டாரோ, அந்த ஒரு வரியால் வளர்ந்த மனிதர்கள், மீசையும் கடனும் உள்ளவர்கள், வருஷக்கணக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போட்டார்கள். முதல் படத்தில் பெரிய பெரிய வீரர்களெல்லாம் முக்கியும் நங்கூரம் அசையவில்லை. இரண்டாம் படத்தில் வில்லனின் மனைவி, கதவைச் சாத்த முடியவில்லை என்று, அதை ஒரு கையால் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் படத்தில் ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியது. நாய் வந்த பிறகு சண்டை இரட்டிப்பானது.

வயர்மேன் அந்தச் சண்டைக்காரர்களுக்கெல்லாம் தலைவர். ஃபைபரில் நங்கூரம் ஒன்று செய்தார். அடியில் இரும்புத் தட்டு. நிறுத்திவைக்க ஒரு கனத்த பீடம், பீடத்துக்குள் மின்காந்தம். பிளக்கைச் செருகினால் நீல விளக்கு எரியும், பீடம் நங்கூரத்தைக் கவ்விக்கொள்ளும், பயில்வான் வந்தாலும் பெயராது. வருஷத்துக்கு ஒருமுறை கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் ரசிகர் கூட்டம். எல்லாரும் வரிசையில் வந்து தூக்கிப் பார்ப்பார்கள். வயர்மேன் பக்கத்தில் முக்காலி போட்டு, வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி, ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் யாராலும் முடியாது. திடீரென்று ஒருவர் கையில் அது பூமாதிரி வந்துவிடும். கூடமே கத்தும்.

காந்தம் என்று எல்லாருக்கும் தெரியும். பைக்குள் ரிமோட் இருக்கிறது, காவலர்தான் ஆளைப் பார்த்து விடுவிக்கிறார் என்பதும் அவர்கள் முடிவு. வயர்மேனை அவர்கள் காவலர் என்றுதான் அழைப்பார்கள். அதனால் சண்டை படத்தோடு நிற்கவில்லை. காவலர் யாரை உரியவர் என்று நினைக்கிறார், ஏன் நினைக்கிறார்? இது தனிப் பாடமாகவே வளர்ந்தது.

இதில் வேடிக்கை, பிளக் செருகாத நாட்களில் அந்த நங்கூரம் ஒரு வாளித் தண்ணீரின் கனம்கூட இல்லை. இஸ்திரியக்கா வாரா வாரம் அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பீடத்தைத் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பாள். உலகத்திலேயே அதை அதிகம் தூக்கியவள் அவள்தான். அதை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை, அவளே சேர்த்ததில்லை. அவள் கணக்கில் இருந்தது வேறொரு நாள்.

முதல் வருஷக் கூட்டம். காலையில், யாரும் வருவதற்கு முன், வயர்மேன் பிளக்கைச் செருகிவிட்டு அவளைக் கூப்பிட்டார். "நீதாம்மா மொதல்ல. வா, தூக்கு." புதுச் சேலை கட்டியிருந்தாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். வயர்மேன் பையில் கைவிட்டபடி பீடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்தார். "அட, இல்லையே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவள் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அன்று மத்தியானம் யாரோ ஒரு செவிலி, ஆழியனை இன்னாரென்றே தெரியாதவள், தோழியோடு சும்மா வந்தவள், தூக்கிவிட்டாள். பெண்டாட்டிக்கு இல்லாதது வழியோடு போனவளுக்கு! அதற்குப் பிறகு எந்த வருஷமும் இஸ்திரியக்கா வரிசையில் நின்றதில்லை. கூட்டம் முடியப்போகிற நேரத்தில் வயர்மேன் கீழ்க்கூடத்தை ஒட்டிய சமையலறை வாசலில் வந்து நிற்பார். "வர்றியாம்மா? சட்டுனு வந்துட்டுப் போயேன்." போட்டோவுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வாள். "எனக்கு வேலை இருக்கு" என்பாள். ஏன் எனக்குத் தரவில்லை என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே.

இப்போது பதில் சொல்ல அவர் இல்லை. அழுகை வராததற்குக் காரணம் அதுதானோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம். இல்லாத மனிதரிடம் எப்படிக் கோபத்தை முடிப்பது? கோபத்தை முடிக்காமல் அழுகையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பல்டாக்டரும் டியூஷனும் பார்சலும் சேர்ந்து வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பல்டாக்டர் நிஜமாகவே பல்டாக்டர். எல்லா வருஷமும் வரிசையில் முதல் ஆளாக நிற்பவர், ஒருமுறைகூடத் தூக்காதவர். டியூஷன் வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மா. பார்சல், பைக்கில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறவன்; இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். மூவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் படுக்கை விரிப்பைப் பார்த்தார்கள்.

"அண்ணி, இந்த வருஷக் கூட்டம் காவலர் நெனப்புல நடத்தணும்னு எல்லாரும் ஆசைப்படறாங்க" என்றார் பல்டாக்டர்.

"நடத்துங்க."

"அடுத்த காவலர் யாருன்னும் முடிவு பண்ணணும். யார் தூக்கறாங்களோ அவங்கதான்னு..."

"சரி."

பல்டாக்டர் தொண்டையைச் செருமினார். அடுத்தவர் வாயைத் திற என்று சொல்லிப் பழகியவருக்குத் தன் வாயைத் திறப்பது கஷ்டமாக இருந்தது. "அண்ணி, அந்த ரிமோட்டு... தப்பா எடுத்துக்காதீங்க..."

"தேடிப் பாக்கறேன்."

பிறகு வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார்கள். துக்க வீடு என்று கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை.

"தூக்குனவங்க நாலு பேர்தான்" என்றார் பல்டாக்டர். "செவிலி, நம்ம வாட்ச்மேன், கையில மாவுக்கட்டுப் போட்ட ஸ்கூல் பொண்ணு, காவலரோட தங்கச்சி. மனசுல குத்தம் குறுகுறுக்காதவங்க. அதான் விஷயம்."

"வாட்ச்மேனுக்குக் குத்தம் இல்லையா? குடிச்சிட்டு கேட்டத் தெறந்துபோட்டுத் தூங்குற ஆளு சார் அவரு" என்றான் பார்சல்.

"குத்தம் இருக்கு. குறுகுறுப்பு இல்ல."

"ஆசை சார்" என்றாள் டியூஷன். "நாலு பேருக்கும் தூக்கணும்கிற ஆசையே கெடையாது. வாட்ச்மேன் பைக்க நகத்தச் சொல்ல வந்தாரு. வில்லன் பொண்டாட்டி கதவச் சாத்த வந்தா. நாய்க்கு ஏது ஆசை? வேணாம்கிறவன் கைக்குத்தான் வரும்."

"அப்ப வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டே போய்த் தூக்க வேண்டியதுதானே?"

"போன வருஷம் அப்படித்தான் போனேன்" என்றாள் டியூஷன் சோகமாக. "உள்ளுக்குள்ள வேணும்னு இருந்திருக்கு போல."

"நான் சொல்லட்டா?" என்றான் பார்சல். "நாலு பேருமே லேட்டு. எல்லாம் முடியப்போற நேரத்துல வந்தவங்க. ஆழியனும் அப்படித்தானே, ஊரு பாதி முங்குனதும்தான் வருவான். லேட்டா வர்றவன்தான் உரியவன். இந்தக் கணக்குல நான் டெலிவரி குடுக்கற லட்சணத்துக்கு எனக்கு நங்கூரத்தோட கப்பலே கெடைக்கணும்!"

பல்டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். இஸ்திரியக்கா சிரித்தாளா என்று மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனபின் தேடினாள். இஸ்திரிக்காரி, துணியின் பையைத் துழாவாமல் தண்ணீரில் போடுகிற பழக்கமில்லை. அவர் கால்சட்டையின் வலது பையிலிருந்து வாழ்க்கை முழுக்க அவள் எடுத்தது புளிப்பு மிட்டாய்த் தாள்தான். சர்க்கரை வியாதிக்காரர், மிட்டாய்க்கு வீட்டில் தடை. கூட்டத்தில் பைக்குள் கைவிட்டு உட்கார்ந்திருந்த காவலர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று மற்றவர்கள் யோசிக்கலாம், அவளுக்குத் தெரியும்: தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் ரிமோட்டையும் அங்கேயே வைத்திருந்து, துணி துவைக்கப் போடுமுன் எடுத்துவிடுவார் என்று நம்பியிருந்தாள். தாளை எடுக்க மறக்கிற மனிதர் ரிமோட்டை மட்டும் எப்படி மறக்காமல் எடுப்பார் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. கருவிப்பெட்டியில் பார்த்தாள், பரணில் பார்த்தாள். கருவிப்பெட்டியின் அடித்தட்டில் ஒரு பொட்டலம் மிட்டாய் இருந்தது. ரிமோட் இல்லை. மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தாள். புளிக்கவும் இல்லை, இனிக்கவும் இல்லை.

கூட்டத்துக்கு முதல்நாள் நாத்தனார் வந்தாள். வயர்மேனின் ஒரே தங்கை. ஆறு என்று சொன்னால் எட்டுக்கு வருகிறவள். அண்ணன் காரியத்துக்கே தாமதமாக வந்து, வந்த வேகத்தில் எல்லாரையும்விடச் சத்தமாக அழுது கணக்கை நேர்செய்தவள். போன வருஷம் நங்கூரத்தைத் தூக்கியதிலிருந்து அந்தப் பேச்சை அவள் கீழே வைத்ததே இல்லை.

"அண்ணி, நாளைக்கு உங்களத்தான் மொதல்ல தூக்கச் சொல்லப் போறாங்களாம். ரசிகர் குழுவுல போட்டிருந்தாங்க."

"ஓ."

"எனக்கு என்ன பயம்னா, எல்லார் முன்னாடியும் வரலைன்னா உங்களுக்குத்தான் சங்கடம். அண்ணன் இருந்தப்பவே வரலையாமே..." என்று இழுத்தாள். "நான் தூக்குனப்ப அண்ணன் மொகத்தப் பாத்தீங்களா? இல்ல, நீங்க அங்க இல்லல்ல. என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க. கூடப்பொறந்த பாசம் எங்க போகும்?"

"எங்கயும் போகாது" என்றாள் இஸ்திரியக்கா. "துண்டு எடுத்துக்கோ, குளிச்சிட்டு வா."

எதிர்வீட்டம்மா இதைத் தன் கதவிடுக்கு வழியாகக் கேட்டு, கேட்டதோடு கொஞ்சம் சேர்த்து, இரவுச் சாப்பாட்டுக்குள் மூன்று மாடிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதனால் மறுநாள் கூட்டத்துக்கு, ஆழியனை அறியாதவர்களும் நிறையப் பேர் வந்தார்கள். புருஷன் செத்தும் அழாதவள் கைக்கு அது வருமா, வராதா? இதற்கு டிக்கெட் போட்டிருந்தாலும் விற்றிருக்கும்.

பீடத்தைப் படிக்கட்டில் இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். நங்கூரத்தை இஸ்திரியக்காவே இடுப்பில் அணைத்துக் கொண்டுவந்தாள். பிளக்கைச் செருகினாள். நீல விளக்கு எரிந்தது. எல்லாரும் நாற்காலி எடுக்கப் போயிருந்த நேரத்தில், கூடத்தில் தனியாக நின்றபோது, பிடியில் கை வைத்து ஒருமுறை இழுத்தாள்.

இல்லை.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெரிந்த செய்தியை மறுபடி ஒருவர் வந்து சொன்னதுபோல இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டுப் பீடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பல்டாக்டர் பேசினார், டியூஷன் பேசினாள், பேசியதில் பாதி காவலரைப் பற்றி, பாதி நாயைப் பற்றி. பிறகு "அண்ணி மொதல்ல" என்றார்கள்.

"எல்லாரும் முடிச்சிரட்டும். நான் கடைசியா வர்றேன்."

"மரியாதைக்கு நானும் கடைசில நிக்கறேன்" என்றார் பல்டாக்டர், வாழ்க்கையில் முதல்முறையாக. கூட்டம் ஆச்சரியப்பட்டது.

வரிசை நகர்ந்தது. இழுத்தார்கள், முக்கினார்கள், வேணாம் வேணாம் என்று முனகிக்கொண்டே இழுத்தார்கள். பார்சல் தன் இரண்டு பிள்ளைகளையும் இழுக்கவிட்டு, பிறகு நாயைப்போல வாயால் கவ்விப் பார்த்தான். ஒன்றும் பெயரவில்லை. வரிசையின் நடுவில் ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது: விடுவிக்கக் காவலரே இல்லை, இனி யாருக்கு வரும்? சிலர் அவள் மடியைப் பார்த்தார்கள். ரிமோட் எங்கே வைத்திருக்கிறாள்? நாத்தனார் இன்னும் வரவில்லை. மேலே வீட்டில் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

இஸ்திரியக்கா யார் முகத்தையும் பார்க்காமல், பீடத்தின் விளிம்பில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்டத்தில் வாசனை வந்தது. சூடேறிய கம்பியின் வார்னிஷ் வாசனை. கடையில் மெஷின் சூடேறும்போது வருகிற அதே வாசனை. பல்டாக்டர் முறை வந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பிடியைத் தொட்டார்.

டக்.

கூடத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை. கேட்டாலும் என்ன தெரியும்? அந்தச் சத்தத்தில் நாள் முழுக்க வேலை செய்கிறவளுக்கு அது பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. பழக்கதோஷத்தில் தண்ணீர் பாட்டிலுக்குக் கை போனது. நிமிர்ந்தபோது, பல்டாக்டர் நங்கூரத்தை மார்போடு தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அவர் வாய் அவரிடம் வருகிறவர்களின் வாய் மாதிரியே திறந்திருந்தது. அப்புறம் ஓவென்று அழுதார். கூடம் அதிர்ந்தது. "அண்ணி விட்டுட்டாங்க! அண்ணி கையிலதான் இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். பிடித்துக் குலுக்கினார்கள், போட்டோ எடுத்தார்கள், குற்றமும் குறுகுறுப்பும் பற்றி அவர் சொன்னதுதான் சரி என்று சிலரும், கடைசியில் நின்றதால் ஆசை போய்விட்டது, அதனால்தான் என்று சிலரும், அங்கேயே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பார்சல் மட்டும் "சார் லேட்டு! நான் சொல்லல?" என்று துள்ளினான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

நங்கூரத்தைத் திரும்ப வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டக்'. பீடம் கவ்விக்கொண்டது.

இஸ்திரியக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நீல விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. சூடேறினால் விடும், ஆறினால் பிடிக்கும். ரிமோட்டும் இல்லை, காவலரின் தீர்ப்பும் இல்லை. ஆழியனுக்காக உயிரை விடுகிறவர்கள் எல்லாரும் முண்டியடித்து முதலில் நின்றார்கள்; முதலில் நின்றதால் யாருக்கும் கிடைக்கவில்லை. சும்மா வந்தவர்கள் கடைசியில் வந்தார்கள். முதல் வருஷம் அவள் தொட்டபோது பீடம் அப்போதுதான் செருகிய, இன்னும் சூடேறாத பச்சை இரும்பு. "அட, இல்லையே." பையில் மிட்டாயைப் பிடித்துக்கொண்டு அவர் விழித்த விழி இப்போது ஞாபகம் வந்தது. ஏதோ ஒன்றை அவளுக்காகச் செய்துவைத்து, அது வேலை செய்யாமல் போனவரின் விழி. கூட்டம் முடிவதற்குள், சூடுதான் காரணம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், வயர்மேன் அல்லவா. சரிசெய்யாமல் விட்டதும் அவர்தான். அப்படியே இருக்கட்டும், வேடிக்கையாக இருக்கிறது என்று விட்டிருப்பார்.

வர்றியாம்மா? சட்டுனு வந்துட்டுப் போயேன்.

போட்டோவுக்கு இல்லை. வருஷா வருஷம், கூட்டம் முடியப்போகிற நேரத்தில், பீடம் கொதிக்கிற நேரம் பார்த்து முக்காலியிலிருந்து எழுந்து சமையலறை வாசலுக்கு வந்திருக்கிறார். போன வருஷம் கொஞ்சம் அதிகமாகவே கெஞ்சினார். "இப்ப வாம்மா, இப்பவே வா, அப்புறம் போயிரும்." எது போய்விடும் என்று அவள் கேட்கவில்லை. கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "அதான் உங்க தங்கச்சி இப்பதான் வந்து எறங்கியிருக்காளே. அவளத் தூக்கச் சொல்லுங்க."

சொன்னார். நாத்தனார் தூக்கினாள்.

அந்த நாத்தனார் இப்போதுதான் தலைநிறையப் பூச்சூடியவள்போல நிதானமாகக் கூடத்துக்குள் நுழைந்தாள். "முடிஞ்சிருச்சா? அண்ணி தூக்கிட்டாங்களா?"

"இல்ல, அண்ணிதான் இப்ப" என்று வழிவிட்டார்கள். எதிர்வீட்டம்மா நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

பீடம் இப்போது ஆறிக் கவ்விக்கொண்ட நேரம். இன்னும் கொஞ்சம் காத்திருந்து, சத்தம் கேட்டதும் எழுந்து போனால் போதும், மூன்று மாடியும் வாயடைத்துப்போகும். இஸ்திரியக்காவுக்கு அது தெரியும். காத்திருக்க அவளுக்குத் தோன்றவில்லை. இவர்களுக்காகவா அவர் அத்தனை வருஷம் வாசலில் வந்து நின்றார்? எழுந்து போனாள், பிடித்தாள், இழுத்தாள். வரவில்லை.

"ச்சோ" என்றது கூடம். சில குரல்களில் வருத்தம் இருந்தது, சிலவற்றில் திருப்தி.

"சுவிட்ச அழுத்துங்கண்ணி" என்று கிசுகிசுத்தான் பார்சல்.

"சுவிட்ச் இல்லப்பா."

நாத்தனார் அவள் தோளில் கை வைத்தாள். "விடுங்கண்ணி. அண்ணன் மனசுல என்ன இருந்துச்சோ, யாரு கண்டா?"

இஸ்திரியக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய்வரை வந்தது. அண்ணன் பார்த்த அந்தப் பார்வையை இவள் ஒரு வருஷமாக வைத்துக்கொண்டு திரிகிறாள். பிடுங்கி என்ன செய்வது? "ஆமா, யாரு கண்டா" என்றாள். "போய்த் தேநீர் ஊத்து. எல்லாரும் நிக்கிறாங்க."

கூட்டம் சமையலறைப் பக்கம் நகர்ந்தது. அங்கே புதுக் காவலர் பல்டாக்டர் கண்ணைத் துடைத்தபடி தன் கொள்கையை விளக்க ஆரம்பித்தார். கூடம் காலியானது. அவள் நாற்காலிகளை மடக்கினாள். சிந்தியதைத் துடைக்க ஈரத்துணி எடுத்து வந்தாள். பிளக்கைப் பிடுங்க யாருக்கும் நினைவில்லை. நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மூலையில் துடைத்தாள், வாசலில் துடைத்தாள், முக்காலியைத் துடைத்தாள்.

டக்.

"வர்றேன், வர்றேன்" என்றாள்.

சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொன்னோம் என்று பார்த்தாள். யாரும் இல்லை. போய், வாரா வாரம் செய்வதுபோல, ஒரு கையால் நங்கூரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் பீடத்தைத் துடைத்தாள். ஓரத்து இடுக்கில், வாரத் துடைப்புக்கு எட்டாத இடத்தில், ஒரு மிட்டாய்த் தாள் ஒட்டியிருந்தது, போன வருஷத்தது. நகத்தால் சுரண்டி எடுத்தாள். பிறகு துணியைக் கீழே போட்டுவிட்டு, வெறும் உள்ளங்கையை இரும்பின் மேல் வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

மிச்சப் பலகாரம் எங்கே என்று பார்க்க வந்த எதிர்வீட்டம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். தூக்க முடியாதவள் ஒற்றைக் கையில் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்! யாரையாவது கூப்பிடலாமா, கூப்பிட்டால் இறக்கிவிடுவாளா என்று தவித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டாள். படிக்கட்டில் அவள் பிற்பாடு சொன்னதில் மற்றதெல்லாம் எவ்வளவு உண்மையோ, இது மட்டும் உண்மை.

"ஸ்ஸ்" என்றாள் இஸ்திரியக்கா. சுட்டது. கையை உதறி எடுத்து, சின்னப் பிள்ளைபோல விரல்களை வாயில் வைத்துக்கொண்டாள்.